எக்ஸ்ரே அறையில் மட்டும் டிசம்பர்

சில நாட்களுக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து அனு கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் போனில் ஹலோ சொல்லும் பழக்கம் கிடையாது, நேரே ஒப்பாரிக்குப் போய்விடுவாள்.

"சேச்சி, விண்டோஸ் பத்துக்கும் சப்போர்ட் நின்னாச்சு. ஸ்கேன் மெஷின்காரனுவ புதுசு வாங்கணும்ணு சொல்லுதானுவ. நீங்க அந்தப் பழைய ஏழாம் நம்பரை எங்ஙன இத்தனை காலம் ஓட்டினீங்க?"

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் ஏழாம் நம்பரை, அதாவது விண்டோஸ் ஏழை, ஓட்டிய கதையில் முக்கால்வாசி கம்ப்யூட்டருக்கு வெளியே நடந்தது. அதைக் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெஸி. கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். தனுவச்சபுரத்தில் படித்தேன், நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன், கல்யாணம் ஆனது, ஆஸ்பத்திரி முதல் கம்ப்யூட்டரை வாங்கியபோது அதோடு சேர்த்து என்னையும் எடுத்தார்கள். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்ததில் பாதி வேலையில் சேர்ந்த பிறகு திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.

திட்டியவர் நிர்வாகி நீலகண்டப் பிள்ளை சார். செங்கல் என்ற ஊரில் பழைய நிலக்காரக் குடும்பம். அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். திட்டினார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வதற்குள் நமக்கே நம் தப்பு தெரிந்துவிடும். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். ஆனால் எந்த மெஷினில் நான் கை வைத்தாலும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"முதல்ல வாயால சொல்லும் ஜெஸி. பொறவு கையால செய்யும்."

நான் சொல்ல வேண்டும். இதை நிறுத்தப் போகிறேன், இதை நகல் எடுக்கப் போகிறேன், இதை ஏற்றப் போகிறேன் என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரே கேள்விதான்.

"தப்பிப் போனா திரும்பி வர வழி உண்டா?"

உண்டு என்றால் தலையை ஆட்டுவார். இல்லை என்றால் எழுந்து போய்விடுவார், அன்றைக்கு அந்த வேலை இல்லை. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்த ஒரு பிரசங்கமா என்று வீட்டில் போய்ப் புலம்பியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியால்தான் எந்த மெஷினைத் தொடும் முன்னும் அதன் டிஸ்க்கை முழுசாக நகல் எடுத்து வைக்கும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கம் என் மானத்தைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

இந்த சப்போர்ட் நிற்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளில் எப்போதும் ஏதாவது ஓட்டை இருக்கும். அதைச் செய்த கம்பெனி மாதாமாதம் அடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள், இனி பழையதை அடைக்க மாட்டோம், புதியதை வாங்குங்கள் என்று சொல்லிவிடும். அன்றைக்கு மெஷின் ஒன்றும் செத்துவிடாது. ஓடு மாற்றுகிற ஆள் இனி வரமாட்டேன் என்று சொன்னால் கூரை உடனே விழுந்துவிடுமா? மழை வரும்போதுதான் தெரியும். வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டி இன்னும் சில வருஷம் அந்த ஓட்டைகளை அடைத்துக்கொள்ளலாம். எங்கள் எக்ஸ்ரே மெஷினின் மென்பொருள் விண்டோஸ் ஏழைத் தவிர வேறு எதிலும் ஓடாது. புது எக்ஸ்ரே வாங்க வசதியில்லை. ஆகவே பணம் கட்டுவது என்று பிள்ளை சார் முடிவு செய்தார்.

இதையெல்லாம் நான் எல்லோருக்கும் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். எக்ஸ்ரே அறைக்குச் சொல்லவில்லை.

எக்ஸ்ரே அறை கிறிஸ்துதாஸ் அண்ணனின் ராஜ்யம். நான் வேலையில் சேரும் முன்பே அவர் அங்கே இருந்தார். எங்கள் தேவாலயச் சபையின் செயலாளரும் அவர்தான். அவர் மூச்சை அடக்கச் சொன்னால் நோயாளி மட்டுமல்ல, வராந்தாவில் நிற்கிறவர்களும் அடக்குவார்கள். அந்த மெஷினைத் தினமும் வெள்ளைத் துணியால் துடைப்பார். இரும்புப் பாகத்தை மட்டுமல்ல, திரையையும் மௌஸையும்கூட. அமரவிளையிலிருந்தும் செங்கலிலிருந்தும் கை கால் ஒடிந்து வருகிறவர்கள் இங்கேயே படம் எடுத்துக்கொண்டு போவது அவருக்குப் பெருமை. இது நின்றால் அத்தனை பேரும் வலியோடு பஸ் பிடித்துத் தூரம் போக வேண்டும் என்பது அவர் பயம்.

2020 ஜனவரி நடுவில் விண்டோஸ் ஏழுக்கு சப்போர்ட் நின்றது. நின்ற கையோடு எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில் திரை முழுக்க நீலமாக ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று. கடைசியாக வந்த இலவச அப்டேட்டுகளில் ஒன்றிலேயே அந்த அறிவிப்பையும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதை நான்தான் பொறுப்பாக ஏற்றிவிட்டுப் போயிருந்தேன். அண்ணன் அதைப் பார்த்தார். யாரிடமும் கேட்கவில்லை. அவராக ஒரு வைத்தியம் செய்தார்.

அந்த வைத்தியம் பலித்தது. நீலத் திரை போயே போய்விட்டது.

அதே மாதம் இன்னொரு பக்கம் புஷ்பலீலா விழுந்தாள். ஒரு தனியார் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை அவளுக்கு. புருஷன் இல்லை, ஒரு மகள் நர்சிங் படிக்கிறாள். அமரவிளையில் ஒரு குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு ஒடிந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அண்ணன் படம் எடுத்தார், டாக்டர் கட்டுப் போட்டார், அவள் அழாமல் வீட்டுக்குப் போனாள். படத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டினால் வேலையில் பட்ட காயம் என்று லீவு கொடுப்பார்கள் என்று கொண்டுபோனாள்.

பள்ளிக்கூட மேனேஜர் ராஜசேகரன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூலையில் தேதி இருந்தது. டிசம்பர். கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முந்தின நாள், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம்.

அவர் கணக்குப் போட்டுவிட்டார். இவள் லீவில் எங்கேயோ விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். வேலை போய்விடும் என்று மறைத்தாள். ஒடிந்த கையோடு பிள்ளைகளைத் தூக்கி இறக்கினாள். அதனால்தான் படியில் பிடி கிடைக்காமல் விழுந்தாள். பஸ்ஸில் பிள்ளைகள் இருக்கும்போதே அவளைக் கூப்பிட்டு, கள்ளி, பொய்க்காரி என்று சொல்லி, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அவள் கிறிஸ்துதாஸ் அண்ணனிடம் ஓடி வந்தாள். அவர் உடனே ஒரு தாளில், மெஷின் தேதி தவறு, படம் எடுத்தது விழுந்த அன்றுதான் என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"நிங்ஙள் ரெண்டாளும் ஒரே சபையல்லே?"

ஆமாம், ஒரே சபைதான். எங்கள் ஊர்ப்பக்கம் அந்த ஒரு கேள்வி போதும், சாட்சி செல்லாது. ஒரு சபைக்காரன் இன்னொரு சபைக்காரனுக்காக எதையும் எழுதிக் கொடுப்பான் என்பது மற்றவர்களின் உறுதியான நம்பிக்கை. முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. புஷ்பலீலாவுக்கு வேலை போனது மட்டும் காதில் விழுந்திருந்தது. நான் என் பாட்டுக்கு, பணம் கட்டி வாங்கிய சாவி எண்ணை எக்ஸ்ரே கம்ப்யூட்டரில் ஏற்றப் போயிருந்தேன். சார் வழக்கம்போல நாற்காலியோடு வந்தார். வாயால் சொன்னேன்: முதலில் டிஸ்க் நகல். பிறகு அப்டேட்டை ஏற்கும் பகுதியைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் மட்டும் இன்டர்நெட்டில் இணைத்துச் சாவியை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். பிறகு இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மாதாமாதம் வரும் அடைப்புகளை பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் ஒன்றும் ஏறாது. சார் தலையாட்டினார்.

நகல் எடுத்தேன். புதுப்பித்தேன். இணைத்தேன். சாவி எண்ணைப் போட்டேன். முடியாது என்றது மெஷின். எண்ணைத் தப்பாக அடித்தேனோ என்று மறுபடி அடித்தேன். முடியாது. கேபிளை மாற்றினேன், மெஷினை அணைத்துப் போட்டேன், ஏற்றியதை இறக்கி மறுபடி ஏற்றினேன். முடியாது, முடியாது. சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

பெரிய பெரிய காரணங்களையெல்லாம் யோசித்துக் களைத்துப்போய்த் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கீழ் மூலையில் கண் விழுந்தது. மணி சரி. நாள் சரி. மாதம் போன வருஷத்து டிசம்பர்.

"அண்ணே, இஞ்ச மட்டும் என்ன டிசம்பரு?"

கிறிஸ்துதாஸ் அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பைய பேசு மக்கா."

"நீங்களா மாத்தினீங்க?"

"பின்ன? ஜனவரி பாதியில சப்போர்ட் முடிஞ்சுதுண்ணு திரை முழுக்க எழுதி வந்துது. ஜனவரி ஆனாத்தானே முடியும்? நான் ஆக விடல்ல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. உலகமே புது வருஷத்துக்குப் போய்விட்டது, எங்கள் எக்ஸ்ரே அறையை மட்டும் இந்த மனுஷன் தனியாளாகப் பிடித்து டிசம்பரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்! தினமும் அங்கே எத்தனை படம் எடுத்திருப்பார்கள், ஒரு டாக்டரும் கவனிக்கவில்லை. டாக்டர்கள் எலும்பைத்தான் பார்ப்பார்கள், தேதியை யார் பார்க்கிறார்கள்? கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு நிமிர்ந்தால், அண்ணன் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போயிருந்தது.

"புஷ்பத்துக்க வேலை போச்சு மக்கா. எனக்க தேதியாலயாக்கும் போச்சு."

பிறகுதான் முழுக் கதையையும் சொன்னார்.

"தேதிய நேராக்கினா மெஷின் நின்னு போவும். நேராக்கலண்ணா அவ பொய்க்காரி. ஒறங்கி நாளாச்சு. நான் என்ன செய்யட்டு?"

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா அண்ணே? மெஷின் நிக்காது. சப்போர்ட்தான் நிக்கும். அதுக்கும் சேத்துப் பைசா கட்டியாச்சு."

"கேட்டா நீ சிரிப்பேண்ணு தெரியும்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதானே நின்றிருந்தேன். சரி, முதலில் தேதியைச் சரிசெய்வோம் என்று மௌஸை நகர்த்தினேன். அப்போது கதவைத் தட்டிக்கொண்டு சார் வந்தார். என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாயால சொல்லும்."

இந்த முறை அண்ணன் சொன்னார். நின்றுகொண்டே, ஒன்றையும் விடாமல் சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றவேயில்லை. மௌஸைப் பிடித்திருந்த என் கையைக் காட்டினார்.

"அத தொடண்டாம் ஜெஸி. இப்ப நேராக்கினா டிசம்பரு இருந்ததுக்கு சாட்சி எது? இவரு காயிதம் குடுத்தா அந்த மேனேஜரு சபையக் கேப்பான். நான் குடுத்தா சம்பளம் யாரு தாறாண்ணு கேப்பான். அவன் நேரா வந்து கண்ணால பாக்கட்டு."

இணைப்பைப் பிடுங்கிவிட்டு மெஷினை அப்படியே விட்டேன். சார் தானே போய் மேனேஜரைக் கூப்பிட்டார். என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ தெரியாது, மறுநாள் காலையில் மேனேஜர் வந்துவிட்டார். புஷ்பலீலாவையும் வரச் சொல்லியிருந்தோம். கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் பயந்தவர். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார்.

"சாறே, ஆளு கள்ளம் பறயும். மெஷின் கள்ளம் பறயில்லல்லோ."

ஆள் பொய் சொல்லும், மெஷின் சொல்லாது என்கிறார். சார் சிரித்தார். "சரியாக்கும். அந்த மெஷினிட்டயே கேப்போம். உங்களுக்க கையில உள்ள என்னத்தையாவது தாங்க. எங்களுக்க சாமானம் வேண்டாம்."

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினார். புத்தம் புதுச் சாவி, அதில் இன்னும் பூஜை போட்ட மஞ்சள் நூல் கட்டியிருந்தது. கிறிஸ்துதாஸ் அண்ணன் அதை மேஜையில் வைத்தார். எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார். பழக்க தோஷத்தில் மூச்சை அடக்கச் சொன்னார். அடக்கினோம்.

பிலிம் வந்தது. சார் அதை வாங்காமல் மேனேஜரிடமே கொடுக்கச் சொன்னார். அவர் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். சாவி இருந்தது, அதற்குள்ளிருக்கும் பேட்டரியும் கம்பியும்கூடத் தெரிந்தன. மூலையில் டிசம்பர் இருந்தது. மேனேஜர் ஜன்னலை விட்டு மேஜைக்கு வந்தார். சாவியைப் பார்த்தார், மறுபடி பிலிமைப் பார்த்தார்.

"ஈ வண்டி எனிக்கு ஜனவரியிலல்லே கிட்டியது," என்றார், வண்டி வாங்கிய மாதத்தைத் தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கொள்வது போல.

அப்போது கிறிஸ்துதாஸ் அண்ணன் முன்னால் வந்தார். அவர் பேசுவார் என்று நாங்கள் ஏற்பாடு ஒன்றும் செய்திருக்கவில்லை. பிலிமே போதும் என்றுதான் சார் நினைத்திருந்தார்.

"மெஷின் கள்ளம் பறயல்ல சார். டிசம்பருண்ணு நானாக்கும் அதுட்ட சொன்னேன். அது நம்பிப் போச்சு. மெஷின் நிண்ணு போவுமோண்ணு பயந்து செய்ததாக்கும். இந்தப் பிள்ளைக்க கையி நீங்க சொன்ன நாளுல ஒடியல்ல. உங்களுக்க பஸ்ஸுல வச்சு ஒடிஞ்சது."

சபையில் எழுந்து நின்றால் ஊரே அடங்கும் ஆள் அவர். அன்றைக்கு ஒரு புடவைக்கடைப் பையன் மாதிரிக் கைகட்டி நின்றார்.

மேனேஜர் புஷ்பலீலாவின் பக்கம் திரும்பினார். கையைக் குணப்படுத்திக்கொண்டு வா, லீவு உண்டு, வேலையும் உண்டு என்றார். அவள் தலையாட்டவில்லை.

"வாறேன் சார். ஆனா பஸ்ஸில வச்சுப் பிள்ளைகளுக்க முன்னால கள்ளிண்ணு சொன்னீங்க. இல்லண்ணு சொல்லுததும் அங்ஙன வச்சே சொல்லணும். நாளைக்கு அதுங்க எனக்க கையப் பிடிச்சு எறங்கண்டாமா?"

நான் பிள்ளை சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முகத்தில் ஒரு திருப்தி. மேனேஜர் கார் சாவியைப் பையில் போட்டு மறுபடி வெளியே எடுத்தார். பிறகு, சொல்லுகிறேன் என்றார். சொல்லவும் செய்தார். அந்தப் பஸ்ஸின் டிரைவர் எங்கள் ஊர்தான். மேனேஜர் படியில் ஏறி நின்று மலையாளத்தில் சொன்னதையும், ஒரு வாண்டு, அப்படியென்றால் நாளைக்கே ஆன்ட்டி வருவார்களா என்று கேட்டதையும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர்கள் போனதும் தேதியைச் சரிசெய்தேன். சாவி எண்ணைப் போட்டேன். முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. தேதி ஒத்துப்போகாவிட்டால் கம்பெனி சர்வர் பேசவே பேசாது, அவ்வளவுதான் விஷயம். டிசம்பர் தேதி போட்ட படங்களையெல்லாம் தேடிப் பிடித்துத் திருத்தும் வேலை அண்ணனுக்கு. சார் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. "நீரே திருத்தும்" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மெஷின் வருஷக்கணக்கில் ஓடியது. மாதாமாதம் நான் பென்டிரைவோடு போவேன். அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, "வா, தேதி பாத்துக்கோ" என்பார்.

கட்டுப் பிரித்த பிறகு எலும்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க புஷ்பலீலா மறுபடி படம் எடுக்க வந்தாள். நான் அன்றைக்கு அடைப்பு ஏற்றிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். அண்ணன் அவள் கையைப் பலகையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விரித்து, இரண்டு படம் எடுத்தார். பிலிம் வந்ததும் கொடுத்துவிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தேதி வாசிச்சுப் பாரு மக்கா. சரியாண்ணு பாத்துட்டுக் கொண்டு போ."

அவள் வாங்கினாள், பார்க்கவேயில்லை, அப்படியே உறைக்குள் போட்டாள்.

"நீங்க எடுத்ததாக்கும்ணு எனக்குத் தெரியும் அண்ணே. அது போரும்."

அவள் போய்விட்டாள். அண்ணன் நீட்டிய வெறும் கையை மடக்கிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடப் பார்த்தார். வராந்தா முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் வெளியே வரவில்லை. நான்தான் எழுந்து போய்க் கூப்பிட்டேன்.